கொலைகாரன் யாருன்னு சீக்கிரம் சொல்லித் தொலைங்கய்யா!

சாமுராய் கதைக்குள்ள ஷெர்லாக் ஹோம்ஸைக் கூட்டிக்கிட்டு வர்ற கேம் மாஸ்டர்கள் மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு. இன்னைக்கு அதைக் கொட்டித் தீர்த்துடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும். டீயோ காப்பியோ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

இந்த ஆட்டமே தெரியாதவங்களுக்கு முதல்ல நாலு வரி. நான் சொல்ற ரோல்பிளேயிங் கேம் கம்ப்யூட்டர்ல ஆடறது இல்ல. நாலஞ்சு பேர் ஒரு மேசையைச் சுத்தி உக்காந்து, ஆளுக்கொரு பாத்திரமா மாறி, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்தறது. அதுல ஒருத்தர் கேம் மாஸ்டர். ஊர், உலகம், மழை, வெயில், மத்த மனுஷங்க எல்லாம் அவர் பொறுப்பு. ஜெயிக்குமா தோக்குமான்னு சந்தேகம் வர்ற இடத்துல பகடையை உருட்டிப் பாத்துக்குவாங்க. 1974-ல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்தக் குடும்பத்துக்கு மூத்த அண்ணன். சாமுராய் ஃபேன்டஸின்னா பெரிய பேரு 'லெஜண்ட் ஆஃப் த ஃபைவ் ரிங்ஸ்'. 1995-ல் சீட்டு விளையாட்டா ஆரம்பிச்சு, 1997-ல் ரோல்பிளேயிங் ஆட்டமாவும் வந்துச்சு. ஐந்தாம் பதிப்பு 2018-ல். ரோகுகான்னு ஒரு கற்பனைப் பேரரசு. ஜப்பான் வாசனை தூக்கலா இருக்கும். கொக்கு, தேள், சிங்கம், டிராகன்னு குலங்கள். ஆவிகளோட பேசற பூசாரிகள். எல்லைக்கு அந்தப் பக்கம் பேய் பிசாசு.

இந்த ஆட்டத்துக்கு விசாரணைக் கதைதான் ரொம்பப் பேரோட முதல் தேர்வு. காரணம் சுலபம். ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்காத குலத்து ஆளுங்களை ஒண்ணா ஊர் சுத்த வைக்கணும்ல? "நீங்க எல்லாரும் பேரரசோட எமரால்டு மாஜிஸ்ட்ரேட்டுகள்"னு ஒரே வரியில வேலை முடிஞ்சுது. அடுத்த வரி, "ஒரு பிரபு செத்துக் கிடக்கார்."

அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு ஆடினவங்களுக்குத் தெரியும். உள்பக்கம் தாழ் போட்ட அறை. ஜன்னல்ல கிழிஞ்ச பட்டுத்துணி. "பகடையை உருட்டு." தோத்துட்டியா? "உனக்கு ஒண்ணும் தோணல." அடுத்த அறை, அடுத்த உருட்டல். மூணு மணி நேரம் கழிச்சு ஒருத்தர் செல்போனை நோண்ட ஆரம்பிப்பார், இன்னொருத்தர் கொட்டாவி. கேம் மாஸ்டருக்குப் பதட்டம் வந்து, "தோட்டக்காரர் உங்ககிட்ட ஏதோ சொல்ல வர்றார்"னு தானே வந்து விடையை ஊட்டி விடுவார். கடைசியில கொலைகாரன் தேள் குலத்துக்காரன். (எப்பவுமே தேள் குலத்துக்காரன்தான். முகமூடி போட்டிருக்கானே!) அவனைச் சபையில நிறுத்தி, விரலை நீட்டி, பட்டுத்துணியைக் காட்டினதும் அவன் முழங்கால் மடங்கி அழுவான். சுபம்.

இதுல ரெண்டு தப்பு இருக்கு. சின்னத் தப்பை முதல்ல முடிச்சிடுவோம்.

தடயத்தைப் பகடைக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கிறது. இதுக்கு மருந்து கண்டுபிடிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. ராபின் லாஸ் உருவாக்கின கம்ஷூ விதிமுறை 2007-லயே வந்துடுச்சு. சரியான திறமை உள்ள ஆள் சரியான இடத்துல தேடினா முக்கியத் தடயம் கிடைச்சே தீரும், பகடையே வேண்டாம்னு அது சொல்லுது. ஜஸ்டின் அலெக்ஸாண்டர் 2008-ல் எழுதின 'மூணு தடய விதி' இன்னும் எளிமை. ஆட்டக்காரங்க ஒரு முடிவுக்கு வரணும்னு நினைச்சீங்கன்னா அதுக்குக் குறைஞ்சது மூணு தடயம் வைங்க. ஒண்ணைத் தவற விடுவாங்க, ஒண்ணைத் தப்பாப் புரிஞ்சுக்குவாங்க, மூணாவது காப்பாத்தும். இதுக்கு அப்புறமும் ஒத்தைத் தடயத்தைப் பூட்டி வச்சுக்கிட்டு "என் ஆட்டக்காரங்களுக்கு மூளை போதாது"ன்னு புலம்பறவங்களை என்ன சொல்றது? தண்ணிக் குடத்தைப் பரண் மேல ஏத்தி வச்சுட்டு, வந்த விருந்தாளிக்குத் தாகமே இல்லன்னு சொல்ற மாதிரி.

பெரிய தப்புக்கு வர்றேன். "யார் கொன்னது?"ங்கற கேள்வியே இந்த உலகத்துக்குச் சரியான கேள்வி இல்ல.

ரோகுகான் சட்டம் என்ன சொல்லுது? தடயத்துக்கு மதிப்பு இல்ல, சாட்சியத்துக்குத்தான் மதிப்பு. அதுவும் யார் சொல்றாங்கங்கறதைப் பொறுத்து. சாதாரண சாமுராய் சொல்றதை விட அவனுக்கு மேல உள்ளவர் சொல்றது கனமானது. குடியானவன் சொல்றது காத்துல போகும். ரத்தம் தோய்ஞ்ச வாளை நீங்க சபையில வச்சு, "இது என் வாள் இல்ல"ன்னு பிரபு சொல்லிட்டார்னா அது அவர் வாள் இல்ல. இப்படி ஒரு உலகத்தைக் கட்டி வச்சுட்டு, அதுல போய் பட்டுத்துணியைக் காட்டிக் கொலைகாரனை அழ வைக்கிறீங்களே, நியாயமா?

"டிராகன் குலத்துல கிட்சுகி குடும்பம் இருக்கே, அவங்க தடயத்தைத்தானே நம்பறாங்க?"ன்னு உடனே ஒருத்தர் வருவார். இருக்காங்க, எனக்கும் ரொம்பப் பிடிச்ச குடும்பம். அவங்களை ஏன் படைச்சிருக்காங்கன்னு யோசிங்க. உண்மை தெரியும், நிரூபிக்கவும் முடியும், ஆனா கேக்க ஆள் இல்ல. அந்தத் தவிப்புதான் கிட்சுகி. சுத்தி இருக்கிற எல்லாரும் அந்தத் தடயத்தை ஏத்துக்கிட்டா அவர் வெறும் தடயவியல் லேப் ஊழியர். பாத்திரத்தைக் கொன்னது நீங்கதான், தேள் குலத்துக்காரன் இல்ல. :)

கற்பனையை விடுங்க, நிஜ ஜப்பானுக்கே போவோம். டோக்குகாவா காலத்து எடோ, அதாவது இன்னைக்கு டோக்கியோ. 18-ஆம் நூற்றாண்டுல சுமார் பத்து லட்சம் பேர் வாழ்ந்த ஊர்னு சொல்வாங்க. அதுல பாதி நகரவாசிகள். அவங்களுக்கு வடக்கு, தெற்குன்னு ரெண்டு மாஜிஸ்ட்ரேட் அலுவலகம். மாசத்துக்கு ஒண்ணுன்னு முறை வச்சுப் புது வழக்கு வாங்குவாங்க. ஒவ்வொண்ணுலயும் யோரிக்கிங்கற அதிகாரிகள் 25 பேர், அவங்களுக்குக் கீழ தோஷின்கள் நூத்துச் சொச்சம். அவ்வளவுதான் படை! மீதி வேலைக்கு ஒக்காப்பிக்கிங்கற துப்பாளிகளை வச்சுக்கிட்டாங்க. அதுல பலர் பழைய குற்றவாளிங்க. நகர மாஜிஸ்ட்ரேட்டோட அதிகாரம் பிரபுக்களோட மாளிகை வாசல்ல நின்னுடும். கோவிலுக்குள்ளயும் நுழைய முடியாது, அதுக்குத் தனி மாஜிஸ்ட்ரேட். கனமான வழக்குல குற்றவாளியே வாயால ஒப்புக்கிட்டாத்தான் தீர்ப்பு. ஒப்புக்கலைன்னா ஒப்புக்க வைக்கிறதுக்கு சித்திரவதையைச் சட்டமே அனுமதிச்சுது.

இதுல எத்தனை கதை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. துரத்திக்கிட்டே போறீங்க, அவன் கோவில் வாசல் தாண்டிட்டான். இப்ப என்ன பண்ணுவீங்க? உங்க துப்பாளி நேத்து வரைக்கும் திருடன், அவன் கொண்டு வர்ற சேதியை நம்புவீங்களா? ஆள் மேல நிச்சயமாத் தெரியும், அவன் வாயைத் திறக்கல. சித்திரவதைக்கு உத்தரவு போடுவீங்களா? ஒவ்வொண்ணும் ஒரு முழு ராத்திரி ஆட்டம். பட்டுத்துணி எதுக்கு?

இன்னும் நல்ல உதாரணம் வேணுமா? 47 ரோனின். 1701-ல் எடோ கோட்டைக்குள்ள அசானோ பிரபு கத்தியை உருவி கிராங்கற அதிகாரியை வெட்டினார். அன்னைக்கே அவருக்குத் தற்கொலை தண்டனை. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் காத்திருந்து, 1703 ஜனவரி கடைசியில அவரோட ஆளுங்க கிரா வீட்டுக்குள்ள புகுந்து தலையை வெட்டி, ஊர்வழியா நடந்தே போய், தங்களோட பிரபு சமாதியில வச்சுட்டு, "நாங்கதான் செஞ்சோம்"னு அதிகாரிங்களுக்குத் தாங்களே தகவலும் அனுப்பினாங்க. கொலைகாரன் யாருங்கற மர்மம் அரை நிமிஷம் கூட இல்ல. ஆனா அரசாங்கம் முடிவெடுக்கச் சுமார் 50 நாள் ஆச்சு. பிரபுவுக்கு விசுவாசமா இருன்னு சொல்லிக் கொடுத்ததும் அதே அரசாங்கம், பழிவாங்கினா சட்ட விரோதம்னு சொல்றதும் அதே அரசாங்கம். ஓக்யூ சோராய் மாதிரி அறிஞர்களே அதுல வாதாடினாங்க. கடைசியில 46 பேருக்கு மானமுள்ள சாவு, அதாவது செப்புக்கு. முன்னூறு வருஷம் தாண்டியும் நாடகமாவும் சினிமாவுமா எடுத்துக்கிட்டே இருக்காங்கன்னா, அது "யார் கொன்னது"க்காகவா?

இன்னொண்ணு. அகுதாகாவா 1922-ல் எழுதின 'தோப்புக்குள்ளே' சிறுகதை. குரோசாவா 1950-ல் 'ராஷோமோன்' படமா எடுத்தாரே, அதுக்கு மூலக்கதை. ஏழு பேர் வாக்குமூலம். துப்பறியும் கதையில சந்தேகப்படற எல்லாரும் "நான் இல்ல"ம்பாங்க. இதுல கொள்ளைக்காரன் "நான்தான் கொன்னேன்"ங்கறான். மனைவி "நான்தான்"ங்கறா. செத்துப்போன புருஷன் ஆவியா வந்து "நானே குத்திக்கிட்டேன்"ங்கறான்! மானம்தான் பெரிசுன்னு வாழறவங்க தப்பிக்கிறதுக்காக மட்டும் பொய் சொல்றதில்ல, மாட்டிக்கிறதுக்காகவும் பொய் சொல்வாங்க. சாமுராய் விசாரணைக்கு இதை விட ஒரு பாடம் கிடையாது.

அந்த ஆவி மேட்டர்ல இன்னொரு பாடமும் இருக்கு. ஃபைவ் ரிங்ஸ்ல பூசாரிப் பாத்திரம் இயற்கை ஆவிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேக்கலாம். உடனே கேம் மாஸ்டருக்கு வயித்தைக் கலக்கும். "இன்னைக்கு ஆவி தூங்குது", "ஆவிக்குக் கோவம்"னு சாக்கு சொல்வாங்க. வேண்டாம் சாமிகளா! ஆவி தாராளமா வரட்டும், பளிச்சுன்னு பேரையே சொல்லட்டும். சபையில பிரபு மறுத்தா, நீங்க ஆவியை நம்பறீங்களா பிரபுவை நம்பறீங்களான்னு அந்த நீதிபதிதான் முழிக்கணும். நீங்க எதுக்கு முழிக்கிறீங்க?

இப்ப எனக்கு மனசுல ரொம்ப உறுத்தற விஷயம். பிணம்.

அந்தக் காலத்து ஜப்பான்ல பிணத்தைத் தொட்டா, தோலைப் பதனிட்டா தீட்டு. அந்த வேலையெல்லாம் 'எத்தா', 'ஹினின்'னு ஒதுக்கி வச்ச மக்களோட தலையில கட்டினாங்க. 1871-ல் மெய்ஜி அரசாங்கம் அந்தப் பட்டத்தைச் சட்டப்படி ஒழிச்சுது. ஆனா 1975-ல் என்ன வெளியே வந்துச்சு தெரியுமா? அந்த மக்கள் வாழற ஊர்ப் பேரையெல்லாம் ரகசியப் பட்டியலா அச்சடிச்சு வித்திருக்காங்க, கம்பெனிகள் அதைக் காசு கொடுத்து வாங்கி வேலைக்கு ஆள் எடுக்கும்போது பாத்திருக்கு. நம்ம ஊர்ல இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. 'ஊரு, பேரு' கேக்கிற கேள்விக்குப் பின்னாடி என்ன கேள்வி இருக்குன்னு நமக்கு நல்லாவே தெரியும்.

ஃபைவ் ரிங்ஸோட பழைய பதிப்புகள் இந்த வார்த்தைகளை அப்படியே எடுத்து உலகத்துல வச்சுது. ஆனா நான் பாத்த முக்கால்வாசி விசாரணைக் கதையில அந்த ஆளுங்க மேசை நாற்காலி மாதிரி ஓரமா நிப்பாங்க. "பிணத்தை எத்தா ஆளுங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க." ஒரு வரி, முடிஞ்சுது. அய்யா, கொலை வழக்குல உடம்பைத் தொட்டு, திருப்பி, கழுவின ஒரே மனுஷன் அவர்தான்! அவருக்குத் தெரிஞ்சது வேற யாருக்கும் தெரியாது. சட்டப்படி அவர் வார்த்தைக்கு மதிப்பு பூஜ்யம். ஒட்டுமொத்த அமைப்போட அநியாயமும் அந்த ஒரு ஆள்கிட்ட வந்து முட்டி நிக்குது. அவரைப் பேரில்லாம விட்டுட்டு அரண்மனையில பட்டுத்துணி பொறுக்கறது சோம்பேறித்தனம் மட்டும் இல்ல, அந்த உலகத்துப் பிரபுக்கள் பாக்கிற பார்வையையே நாமளும் பாக்கறோம்னு அர்த்தம்.

இவ்வளவு திட்டறியே, நீ எப்படிப் பண்ணுவேன்னு கேப்பீங்க. சொல்றேன்.

ஒரு சின்னக் கோட்டை. பஞ்ச வருஷம். கோட்டையோட தலைமை நிர்வாகி செத்துட்டார். பிரபு "நோய்"னு அறிவிச்சுட்டார். ஆனா ஒரு சின்னப் பையன், கடைநிலைச் சேவகன், "நேருக்கு நேர் நின்னு நான்தான் வெட்டினேன்"னு ஒப்புக்கிட்டான். அஞ்சாம் நாள் அவனுக்குச் சாவு. மாஜிஸ்ட்ரேட்டுகள் வந்து சேர்றது ரெண்டாம் நாள். உடம்பைக் கழுவினவரைப் போய்க் கேட்டா, காயம் முதுகுல இருந்துச்சுன்னு சொல்லிடுவார். ஆக, பையன் சொல்றது பொய். முதல் ஒரு மணி நேரத்துலயே தெரிஞ்சிடும்: கொன்னது பிரபுவோட வாரிசு. ஏன்? நிர்வாகி பஞ்சத்துக்குன்னு வச்சிருந்த அரிசியைத் திருட்டுத்தனமா வித்திருக்கார். இளவரசருக்கு ரத்தம் கொதிச்சிருக்கு. பையன் குடும்பம் அந்தப் பிரபு வீட்டு உப்பைத் தின்ன குடும்பம்.

விடை கையில வந்தாச்சு. இனிமேதான் ஆட்டம். உண்மையைச் சொன்னா வாரிசு சாவார், வம்சம் முடியும், மிச்ச அரிசியோட கிடங்கு பக்கத்துப் பிரபு கைக்குப் போகும், ஊர் பட்டினி. சும்மா இருந்தா ஒண்ணும் அறியாத பையன் சாவான். "நோய்"னு முத்திரை குத்தினா ரெண்டு பேரும் பிழைப்பாங்க. ஆனா உண்மை தெரிஞ்ச பிணம் கழுவினவரைப் பிரபுவோட ஆளுங்க உயிரோட விடுவாங்களா? அவர் பேச்சு சபை ஏறாது. ஏறணும்னா ஒரு சாமுராய் அதைத் தன் கண்ணால பாத்த மாதிரி சத்தியம் பண்ணணும். அதாவது, உண்மையைச் சபையில வைக்கிறதுக்குப் பொய்ச் சாட்சி சொல்லணும். மானஸ்தன்னு பேர் வாங்கின ஒரு ஆள் அதைச் செய்வானா?

எங்க மேசையில இதை ரெண்டு ராத்திரி ஆடினோம். ரெண்டாம் ராத்திரி முழுக்க பகடை நாலே தடவைதான் உருண்டுச்சு. ஒருத்தர் கையும் செல்போன் பக்கம் போகல. கொக்குக் குலத்துப் பெண்ணா நடிச்ச நண்பர், "காயத்தைப் பாத்தது நான்தான், உடம்பைத் தொட்டதும் நான்தான்"னு சபையில சொன்னப்போ, தீட்டுப்பட்டவன்னு தன் குலமே தன்னை ஒதுக்கும்னு தெரிஞ்சேதான் சொன்னார். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசல.

இதுல இருந்து நான் கடைப்பிடிக்கிற அஞ்சு விஷயம்:

1. குற்றவாளி யாருங்கறது பாதி ஆட்டத்துக்கு முன்னாடியே தெரியணும். மர்மம் வேணும்னா "ஏன்"ல வைங்க.

2. ஒவ்வொரு சாட்சிக்கும் பொய் சொல்ல ஒரு நல்ல காரணம் கொடுங்க. குற்றம் மட்டும் காரணமா இருக்கக் கூடாது. நன்றிக்கடன், காதல், வெக்கம், பிள்ளைப்பாசம் எல்லாம் இருக்கே.

3. கெடு வைங்க. செப்புக்கு நடக்கப்போற நாள், பெரிய பிரபு வர்ற நாள், மலைப்பாதையைப் பனி மூடற நாள்.

4. ஐந்தாம் பதிப்புல ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 'கிரி', 'நின்ஜோ'ன்னு ரெண்டு இருக்கு. கடமை ஒண்ணு, மனசோட ஆசை ஒண்ணு. வழக்கு எழுதறதுக்கு முன்னாடி ஆட்டக்காரங்களோட அந்தத் தாளை எடுத்துப் படிங்க. ரெண்டும் முட்டிக்கிற இடத்துல பிணத்தைப் போடுங்க.

5. உண்மையோட விலையை முதல்ல எழுதுங்க, கொலைகாரன் பேரை அப்புறம் எழுதுங்க. விலை இல்லாத உண்மைன்னா அது குறுக்கெழுத்துப் புதிர். அதுக்கு ஞாயித்துக்கிழமை பேப்பர் போதும்.

"அப்ப புத்திசாலித்தனத்துக்கு இடமே இல்லையா? தடயத்தைக் கோத்து விடை கண்டுபிடிக்கிற சுகம்?"னு கேக்கிறவங்க கேக்கலாம். அந்த சுகம் எனக்கும் பிடிக்கும். 'கால் ஆஃப் கதுல்ஹு' 1981-ல் இருந்து அதைச் செய்யுது, நல்லாவே செய்யுது. லண்டனை வச்சு ஆடுங்க, பாஸ்டனை வச்சு ஆடுங்க. ஆனா சாமுராய் உலகத்தைத் தேர்ந்தெடுத்தது நீங்க. கிமோனோவும் செர்ரிப் பூவும் மட்டும் வேணும், அந்த உலகத்தோட கழுத்தை நெரிக்கிற சட்டம் வேண்டாம்னா, அது மாறுவேடப் போட்டி.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நாலு பேர் தங்களோட மூணு மணி நேரத்தை உங்க கையில கொடுக்கிறாங்க. அவங்களை மூணு மணி நேரம் இருட்டுல தடவ விடாதீங்க. விளக்கைப் போட்டு, எதிர்ல நிக்கிறவன் முகத்தைக் காட்டி, "இப்ப என்ன செய்யப்போறே?"ன்னு கேளுங்க.

பி.கு: தேள் குலத்துக்காரங்களுக்கு ஒரு தடவையாவது நிரபராதி வேஷம் கொடுங்கப்பா. பாவம், முகமூடிக்குள்ள அழறாங்க. :)